எஃப் ஒன்று பதிவேடு

மனித நாகரிகத்தை நெருப்பு தொடக்கி வைத்தது. வண்டிச் சில்லு அதை நகர்த்தியது. கணினி விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கும் எஃப் ஒன்று என்ற விசை அதை நிறைவு செய்தது. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று தெரியவில்லை. மூன்றாவதன் முழுப் பயனையும் உலகுக்குக் காட்டிய பெருமை, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இயங்கிய எங்கள் "நிரந்தர விபரப் பேணல் அலகு"க்கே உரியது. அந்தப் பெருமையில் என் வலக்கை ஆட்காட்டி விரலுக்கும் சிறு பங்கு உண்டு.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. யுத்தத்துக்கு அப்போது "சமாதானம்" என்று பெயர். மாவட்டத்தில் காணாமற்போனவர்களின் விபரங்களைத் திரட்டிப் பேணுவது எங்கள் பணி. தேடுவது எங்கள் பணி அல்ல. தேடுவதற்கு வேறோர் அலகு அமைக்கப்படும் என்று ஒரு பேச்சு இருந்தது.

அலகில் நாங்கள் மூவர். பணிப்பாளர் சோமசேகரம், பிரதம எழுதுவினைஞர் தங்கரத்தினம் அக்கா, தரவுப் பதிவாளனாகிய நான், கி. இராசதுரை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று தந்த கணினியும் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பங்களை, அவற்றில் குத்தியிருந்த புகைப்படங்களோடு, ஒன்றரை வருடமாக நான் அதற்குள் ஏற்றினேன். ஏற்றி முடிந்ததும் பணிப்பாளர் "கடதாசிக்கு விடைகொடுக்கும் விழா" எடுத்தார். குத்துவிளக்கில் ஏற்றிய சுடராலேயே பின்வளவில் தார்ப்பீப்பாவுக்குள் விண்ணப்பங்கள் எரிக்கப்பட்டன.

"கடதாசியைக் கறையான் தின்னும்," என்று பணிப்பாளர் உரையாற்றினார். "கொம்பியூட்டரைத் தின்னுற கறையான் இன்னும் பிறக்கேல்லை!"

பலத்த கரகோஷம். வாசற் படலையடியில் நின்ற சில தாய்மார் கைதட்டவில்லை. விண்ணப்பத்தில் இருந்த படத்தை மட்டுமாவது திருப்பித் தரலாமா என்று அவர்கள் கேட்டதும், நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒரு அம்சம் இல்லாததால் அது கவனத்தில் எடுக்கப்படாததும் குறிப்பேட்டில் உள்ளன. மன்னிக்கவும், இருந்தன. குறிப்பேடும் எரிக்கப்பட்டது.

பிறகு மேம்படுத்தல் வந்தது. பழைய இயங்குதளம் நவீன அலகு ஒன்றின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று பணிப்பாளர் கண்டார். வேறொரு அரச கந்தோரில் புதிய இயங்குதளத்தின் முகப்பை அவர் பார்த்திருந்தார்: பச்சைப் புல்மேடு, நீல வானம், நாலைந்து வெண்முகில். "அதிலை ஒரு ஆமிச் சென்றிப் பொயின்ற் கூட இல்லை, கவனிச்சனியளோ?" என்றார். காணாமற்போனோர் விபரத்தை அத்தகைய நிலப்பரப்பின் பின்னணியில் பேணுவதே முறை என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

நகரில் கணினிக் கடை வைத்திருந்த ஸெய்னுதீன் புதிய இயங்குதள இறுவட்டோடு வந்தார். கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்கினார். கறுத்த திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வன்தட்டின் நிலை மோசம், உள்ளதைப் பிரதியெடுத்துத் தட்டை மாற்றவும், தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்.

ஸெய்னுதீன் புதிய இறுவட்டை வெளியே எடுத்து உறைக்குள் போட்டார். "சேர், முதல்ல எல்லாத்தையும் கொப்பி பண்ணோணும். ரெண்டு சீடி காணும். ஒரு மணித்தியால வேல. பிறகுதான் மத்தது."

தங்கரத்தினம் அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். "இதை ஆர் அனுப்பினது?"

"கொம்பியூட்டர்தான் அக்கா."

"கையெழுத்து?"

"இல்ல."

"திகதி? தொடர்பிலக்கம்?"

"இல்ல அக்கா."

"அப்ப மொட்டைக் கடிதம்," என்றார் அக்கா. "மொட்டைக் கடிதத்துக்கு நடவடிக்கை எடுக்கப்படாது எண்டு சுற்றுநிருபம் இருக்கு, சேர்."

"அக்கா, இது கடிதமில்ல! டிஸ்க் சாகப்போகுதெண்டு அதுவே சொல்லுது."

"எண்டைக்குச் சாகும் எண்டு சொல்லியிருக்கோ?"

"அது எப்பிடிச் சொல்லும்? நாளைக்கும் சாகலாம், ஆறு மாசமும் போகலாம்."

"பாத்தீங்களே சேர். திட்டவட்டமா ஒண்டும் இல்லை."

பணிப்பாளர் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தார். "ஸெய்னுதீன், எச்சரிக்கைக்குப் பயந்தால் இந்த ஊரிலை ஒருத்தரும் குடியிருக்கேலாது. எண்பத்தி மூண்டிலை எச்சரிச்சவங்கள். தொண்ணூறிலை எச்சரிச்சவங்கள். நான் ஓர்ஸ் ஹில்லை விட்டுப் போனனானோ?"

"நீங்க போகல்ல சேர். உங்கட பைலில இருக்கிற ஆயிரத்தெண்ணூறு பேரும் போயிட்டாங்களே."

இந்தக் கூற்று தொழில்நுட்பம் சாராதது என்பதால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

எனினும் அலகு பொறுப்பற்றதல்ல. மறுநாளே "எச்சரிக்கை மீளாய்வுக் குழு" கூடியது. குழுவில் நாங்கள் மூவரும், தேநீரோடு கடிக்க மரக்கறிப் பற்றிஸ் பன்னிரண்டும் இருந்தோம். இரகசிய ஆவணம் ஒன்றைப் பிரதியெடுக்கக் கொழும்புத் தலைமையகத்தின் அனுமதி தேவை என்று அக்கா சுட்டிக்காட்டினார். மூன்று மொழிகளில் கடிதம் போனது. அனுமதி வரும்வரை எஃப் ஒன்றை யாராவது கண்டபடி அழுத்திவிடக் கூடாது என்பதால், அதற்கெனத் தடித்த மட்டையுள்ள பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. திகதி, நேரம், எச்சரிக்கையின் வாசகம், அழுத்தியவரின் முழுப்பெயர், கையொப்பம். கடைசி நிரலில் அக்காவின் மேலொப்பம். நான் "எஃப் ஒன்று பொறுப்பு உத்தியோகத்தர்" ஆக நியமிக்கப்பட்டேன். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டார் அதைப் பதவியுயர்வு என்றே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

காலையில் ஒருதரம். மின்சாரம் போய் வந்தால் இன்னொருதரம். திருகோணமலை மின்சாரம் கடமையில் தவறியதே இல்லை. நாளுக்கு இரண்டு தரமாவது போய் வந்தது. ஒவ்வொரு தரமும் கறுத்த திரை வந்தது, நான் எச்சரிக்கையை முழுமையாக வாசித்தேன், அழுத்தினேன், ஒப்பமிட்டேன். வாசிக்காமல் ஒருநாளும் அழுத்தியதில்லை என்பதை இங்கே பெருமையுடன் பதிவுசெய்கிறேன்.

இரண்டாம் வாரம் தலைமையகத்தின் பதில் வந்தது. பிரதி எடுக்கவேண்டிய காரணத்தை விளக்குமாறும், பரிசீலனைக்கு மூலத்தை இணைத்து அனுப்புமாறும் கேட்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் ஸெய்னுதீன் வந்து வெற்று இறுவட்டுகள் இரண்டை என் மேசையில் வைத்தார். பணிப்பாளரும் அக்காவும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போயிருந்தார்கள்.

"தம்பி, நான் கீழ போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாறன். நீங்க இதப் போட்டு ரெண்டு பொத்தான அமத்துங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"அனுமதி இல்லாமலோ?"

"டிஸ்க் ஆருக்கிட்ட அனுமதி கேட்டுத் தம்பி சாகப்போகுது?"

அவர் போய்விட்டார். மேசை லாச்சிக்குள் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வைத்திருப்பேன். அதில் பனி கொட்டிக்கொண்டிருக்க, ஒரு நீதிபதி தன் மனச்சாட்சியோடு மூன்று பக்கங்களாக வாதாடிக்கொண்டிருந்தார். மிக அழகான இடம். கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கம் தவறிவிடாதிருக்க ஒரு வெற்று இறுவட்டை அடையாளமாக வைத்து மூடினேன். மற்றதை லாச்சியில் போட்டேன். ஸெய்னுதீன் திரும்பி வந்து லாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போனார். பிளேன்ரீ சரியில்லை போலும்.

மூன்றாம் வாரம், திங்கட்கிழமை, வள்ளிநாயகி அம்மா வந்தார். கட்டைபறிச்சானிலிருந்து விடிய வெளிக்கிட்டு, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, மூதூரில் முதல் லோஞ்சு பிடித்துக் கடல் கடந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்று எங்கள் அலகுக்கு வர இருந்தது. காணாமற்போனவரின் படம் கையில் உள்ள குடும்பங்களை மட்டுமே சந்திப்பதாக அறிவித்திருந்தார்கள்.

"தம்பி, என்ட பிள்ளையின்ட படம் உங்களிட்டத்தானே இருக்கு. அது ஒண்டுதான் என்னட்ட இருந்தது. ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ."

"இலக்கம்?"

"அறுநூற்றிப் பன்னிரண்டு."

மகனின் வயதைக் கேட்டிருந்தாலும் அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க மாட்டார். தட்டினேன். இராசநாயகம், பத்தொன்பது வயது, தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. கைகட்டி நிற்கிறான், கட்டிய கையில் கைமணிக்கூடு தெரியவேண்டும் என்பதற்காக முழங்கையைச் சற்று உயர்த்தியிருக்கிறான்.

"இரவல் மணிக்கூடு," என்று அம்மா சிரித்தார். "படம் எடுக்கிறதுக்கெண்டு கூட்டாளி அப்துல் மஜீத்திட்ட வாங்கிக் கட்டினவன். அதோடதான் கொண்டுபோனவங்கள். அந்தப் பெடியன் இண்டைவரைக்கும் அதைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்கேல்லை." திரையில் விரல் வைத்தார். "உதுக்குள்ளயும் மெலிஞ்சுதான் நிக்கிறான்."

"திரையைத் தொடக்கூடாது அம்மா," என்றார் உள்ளேயிருந்து பணிப்பாளர்.

அச்சிடும் இயந்திரம் என் முழங்கையில் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் பிரதி கோருவதற்கு விண்ணப்பம் நிரப்பவேண்டும். அதற்குப் பணிப்பாளரின் சிபாரிசு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூதுக்குழு வருவதால் தலைமையகத்துக்குக் காத்திராமல் புதன்கிழமையே மேம்படுத்தல் என்றும், அந்த வாரம் வெளியாகும் பிரதிகள் யாவும் மேம்படுத்தப்பட்ட இயங்குதளத்திலிருந்தே வெளியாகவேண்டும் என்று பணிப்பாளர் பணித்திருந்தார்.

"புதன்கிழமை மேம்படுத்தல் முடிஞ்சிடும். வியாழக்கிழமை வாங்கோ," என்றேன்.

"இப்ப தெரியுதுதானே தம்பி? தெரியேக்கை எடுக்க ஏலாதோ?"

"வியாழக்கிழமை இதைவிட வடிவா வரும் அம்மா."

புதன்கிழமை ஸெய்னுதீன் வர மறுத்துவிட்டார். "கொப்பி இல்லாமத் தொடமாட்டன்" என்று ஆளனுப்பியிருந்தார். பணிப்பாளர் புதிய இறுவட்டைத் தானே வாங்கிவந்து, நல்ல நேரம் பார்த்துப் போட்டார். எச்சரிக்கை தோன்றியது. நாற்பத்தேழாவது தடவையாக வாசித்தேன், அழுத்தினேன், ஒப்பமிட்டேன். "இன்னும் முப்பத்தொன்பது நிமிடங்கள்" என்று திரை அறிவித்தது. நாங்கள் மூவரும் கதிரைகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தோம். முப்பத்தேழு. முப்பத்து நான்கு.

முப்பத்து நான்கில் அது நின்றது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

"வேலை நடக்குது," என்றார் பணிப்பாளர்.

பின்னேரம் நான்கு மணிக்குத் தட்டுவது நின்றது. பணிப்பாளரே போய் ஸெய்னுதீனை அழைத்துவந்தார். அவர் பெட்டியைத் திறந்து, தட்டைக் கழற்றிக் காதோடு வைத்துக் கேட்டார். "கொழும்பில என்ன, சிங்கப்பூரிலயும் ஒண்டும் செய்ய ஏலா, சேர்," என்று மேசையில் வைத்தார். பிறகு என்னிடம், "அந்த சீடி ரெண்டும் பத்திரமா தம்பி?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை, சொன்னபடி வள்ளிநாயகி அம்மா வந்தார். எனக்குத் தரப்பட்டிருந்த வாசகத்தைச் சொன்னேன்: "அம்மா, அப்பிடி ஒருத்தரின்ட விபரம் எங்கட பதிவிலை இல்லை."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தொண்ணூறிலை ஆமிக் காம்ப் வாசல்லயும் இதைத்தான் சொன்னவங்கள். அப்பிடி ஒருத்தன் எங்கட பதிவிலை இல்லை எண்டு. அவங்கள் அம்மா எண்டு கூப்பிடேல்லை. நீங்கள் கூப்பிடுறியள். அதுதான் வித்தியாசம்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "தம்பி, நீங்கள் திங்கக்கிழமை பாத்தனீங்கள்தானே. மணிக்கூடு எந்தக் கையிலை கட்டியிருந்தவன்? இடக்கையோ, வலக்கையோ? ராத்திரி முழுக்க யோசிச்சன். பிடிபடேல்லை."

அந்தப் படத்தை ஏற்றியவன் நான். திங்கட்கிழமையும் பார்த்தவன். எனக்கும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை தூதுக்குழு வந்தது. அலகு தயாராக இருந்தது. பணிப்பாளர் ஸ்ரூடியோ ஒன்றில் பச்சைப் புல்மேட்டை வர்ணத்தில் அச்சிட்டு வந்து, கணினித் திரையின் கண்ணாடியில் மடிப்பு விழாமல் ஒட்டியிருந்தார். குழுவின் தலைவியான வெள்ளைக்காரப் பெண்மணி அதைப் பார்த்து "அழகு" என்றார். பிறகு பெயர்ப் பட்டியலைக் கேட்டார். வெளியே போட்டிருந்த நீள வாங்குகளில் வள்ளிநாயகி அம்மாவும் இன்னும் முப்பது நாற்பது பேரும், கையில் படம் ஏதுமின்றி உட்கார்ந்திருந்தார்கள்.

பணிப்பாளர் அக்காவைப் பார்த்தார். கேட்ட ஆவணத்தை எடுத்துவைக்காமல் இருந்து அக்காவுக்குப் பழக்கமில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்தார். அதற்குள் இருந்தது ஒரேயொரு பதிவேடு. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பெண்மணி விரித்தார். ஒரு பக்கம் புரட்டினார், மறுபக்கம் புரட்டினார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பணிப்பாளரிடம் திரும்பினார்.

"எல்லா வரியிலையும் இராசதுரை, இராசதுரை எண்டு ஒரே பெயராக் கிடக்கு. இவர் நாற்பத்தேழு தரம் காணாமற்போனவரோ எண்டு கேட்கிறா."

பெண்மணி தவறாகக் கேட்கவில்லை. நிரலைத்தான் மாறி வாசித்துவிட்டார். இந்த நாட்டில் ஆணைக்குழுக்கள் எத்தனையோ கூடிக் கலைந்திருக்கின்றன; காணாமற்போனவர்களின் பட்டியல்கள் வண்டி வண்டியாகக் குவிந்திருக்கின்றன. காணாமற்போகச் செய்தவரின் முழுப்பெயர், திகதி, நேரம், எச்சரிக்கையை வாசித்துவிட்டே செய்தார் என்பதற்கான கையொப்பம், மேலதிகாரியின் மேலொப்பம் ஆகிய அனைத்தையும் ஒழுங்காகக் கொண்ட ஒரேயொரு பட்டியலைப் பேணிய பெருமை எங்கள் அலகுக்கே உரியது.