விடாக்கண்டரும் பிடித்துக்கொண்ட இன்ஜினும்

உலகத்தில் ஜெயிக்கிறவர்கள் உண்டு, தோற்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், சண்டை எங்கே முடிந்துபோய்விடுமோ என்ற ஒரே கவலையில் காலம் தள்ளுகிற இனம் ஒன்றும் உண்டு. விடாக்கண்டர் இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வங்கியில் பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பது வாடிக்கையாளரைத் திருடன் என்று சொல்லாமல் சொல்வதாகும் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்று, சில்லறைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "பொறுப்பாளரைக் கூப்பிடுங்க" என்றவரும் அவர்தான். உங்களுக்குப் பால் வாங்கவேண்டும், வீட்டில் குழந்தை அழுகிறது. அதெல்லாம் அவருக்கு எதற்கு? "காசு பெரிசில்லைங்க. கொள்கை!" என்று உங்கள் பக்கம் திரும்பி ஒரு புன்னகை வேறு.

நான் சொல்லவந்த விடாக்கண்டர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கைராசிக்காரர், தொழிலில் சுத்தம். ஊரார் கண்ணையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரியைப் படி, இன்னும் படி, விடாதே படி என்று வதைப்பதே அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவர் போன வருஷம் பழைய கார் ஒன்று வாங்கினார். "ஒரே கை ஓட்டின வண்டி சார், பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க" என்று விற்றவன் சொன்னான். ஒரு வருஷ வாரண்டி என்று சொல்லி, எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து அச்சடித்த புத்தகம் ஒன்றையும் நீட்டினான். நம்மவர் அந்தப் பொடி எழுத்தைப் படித்தாரா? கையெழுத்துப் போட்டார். நல்ல அழகான கையெழுத்து.

வண்டியை ஓட்டியது பெரும்பாலும் அவருடைய மனைவி. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஆறு மணிக்கெல்லாம் ஊசி குத்தியாகவேண்டும். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். புத்தகத்தைப் படித்தவரும் அந்த அம்மாள்தான். படித்ததோடு நிற்காமல், அதில் சொன்ன கணக்குப்படி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பட்டறையில் இரண்டு தடவை ஆயில் மாற்றி, முத்திரை குத்திய ரசீதுகளைத் தன் கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தார்.

ஏழாவது மாதம் ஒரு விடியற்காலை, மேம்பாலத்தின் உச்சியில், வண்டி கடகடவென்று பல்லைக் கடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மேல தப்பில்லைக்கா. ஆயில் பம்பு உயிரை விட்டுருச்சு. ஆயில் ஏறாம பேரிங் தேஞ்சு, இன்ஜின் பிடிச்சுக்கிச்சு, இனி சுத்தாது. வாரண்டியிலயே மாத்திக் குடுத்துடுவாங்க, கவலைப்படாதீங்க."

நம்மவர் விண்ணப்பம் அனுப்பிப் பன்னிரண்டு நாள் கழித்து வாரண்டிக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. உரிய காலத்தில் ஆயில் மாற்றியதற்குச் சான்று இணைக்கப்படாததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. சான்றுடன் அறுபது நாட்களுக்குள் முறையிடலாம். விடாக்கண்டருக்கு ஒரு கொடாக்கண்டன் கிடைத்துவிட்டான்.

அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதே மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது! கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கால்கூடக் கழுவாமல், சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, புதுக் கோப்பு ஒன்றைப் பிரித்து, முதல் தாளில் 'போர்' என்று எழுதாத குறையாகத் தேதி போட்டார்.

"என்னங்க, அந்த ஆயில் மாத்தின ரசீது..." என்று மனைவி ஆரம்பித்தார்.

"நீ இரு. ரசீது இருக்கா இல்லையாங்கறது இல்ல கேள்வி. ரசீது கேக்க அவங்களுக்கு என்ன உரிமை இருக்கு? அதுதான் கேள்வி."

முதல் கடிதம் நான்கு பக்கம். 'தங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தி இரண்டாம் வரியில் "உரிய" என்ற சொல்லால் தாங்கள் கருதுவது யாதென' விளக்கம் கேட்டது. இரண்டாவது கடிதம், முதல் கடிதத்துக்குப் பதில் வர ஏன் ஒன்பது நாள் ஆயிற்று என்று கேட்டது. மூன்றாவதன் நகல் பதினோரு அலுவலகங்களுக்குப் போனது. அதில் இரண்டு, காருக்கும் இன்ஜினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத குடிநீர் அலுவலகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று சீட்டுகள் ஒட்டி, அந்தக் கோப்பு சீவிச் சிங்காரித்த கல்யாணப் பெண்போல மேஜையில் வீற்றிருந்தது. மேஜையில் இடமில்லாமல் சாப்பாடு மடிக்குப் போய்விட்டது.

நடுநடுவே தொலைபேசி.

"உங்க பேர் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன். மணி இப்ப பதினொண்ணு இருபத்திரெண்டு."

"சார், ஆயில் மாத்தின பில் ஏதாவது இருந்தா அனுப்பிடுங்க சார், உடனே பாத்துடலாம்" என்றது மறுமுனையில் ஒரு சின்னக் குரல்.

"பேச்சை மாத்தாதீங்க!"

நம்புங்கள், அந்தப் பெண் பாவம், வழியைக் காட்டினாள். வழி காட்டுகிறவர்களை விடாக்கண்டருக்கு அறவே பிடிக்காது. வழி தெரிந்துவிட்டால் அப்புறம் எங்கே சுற்றுவது?

இதற்கிடையில் ஒரு நாள் கடைக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். வாங்கி மூன்று மாதம் ஆன கண்ணாடியின் காது ஒடிந்துவிட்டது, ஆறு மாத வாரண்டி என்று சொன்னீர்களே என்றார். நம்மவர் ஒடிந்த இடத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல உக்காந்துட்டீங்க."

"இல்லைங்க, டப்பாவுலதான் வச்சிருந்தேன்."

"டப்பாவுல வச்சதுக்கு என்னங்க சாட்சி? ஒரு சான்று வேணாமா?"

வாத்தியார் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். நம்மவருக்குக் கண்ணில் குறையா? ஊரிலேயே கூர்மையான கண்.

மனைவியின் பாடு வேறு கதை. அந்த நேரத்துக்கு நேர் பஸ் கிடையாது. முதல் பஸ் பிடித்து, சந்திப்பில் இறங்கி, இரண்டாவது பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்று, கூடத்துக்குப் போய்ச் சேரும்போது ஆறே முக்கால், ஏழு. அதற்குள் வாசல் பெஞ்சில் சர்க்கரை நோயாளிகள் பசி மயக்கத்தில் சாய்ந்துகிடப்பார்கள். ஒரு நாள் ஒரு கர்ப்பிணிப் பெண் காத்திருந்து காத்திருந்து கீழே விழுந்தே விட்டாள். நல்லவேளை, அடி படவில்லை. ஆனால் மறுநாள் அதைக் குறிப்பிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியின் கைக்கு ஒரு தாள் வந்தது. தாமதம் இப்படியே நீடித்தால் பணியில் தொடர்வது பற்றி யோசிக்கவேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் மனைவி இரண்டாம் முறை வாயைத் திறந்தார். "ரசீது என்கிட்ட..." "இரு, இரு, ஆறாவது கடிதம் நல்லா ஓடிட்டிருக்கு!" அடுத்த நாள் மூன்றாம் முறை. நம்மவர் தலை நிமிராமல் கையை மட்டும் உயர்த்தினார், போக்குவரத்துப் போலீஸ்போல.

மனைவி கோப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். எண்பத்து மூன்று பக்கம். சட்டம் இருந்தது, நியாயம் இருந்தது, கம்பெனித் தலைவரின் மனசாட்சிக்கு ஒரு பகிரங்க வேண்டுகோள்கூட இருந்தது. ஆயில் என்ற சொல் எங்கேயும் இல்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், ஆஸ்பத்திரி வாசல் நகலகத்தில் இரண்டு ரசீதையும் நகலெடுத்து, 'இணைத்துள்ளேன்' என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பிவிட்டார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. நம்மவர் ஆவலாக உறையைக் கிழித்தார், முகம் சுண்டிப்போயிற்று.

"ஏத்துக்கிட்டாங்களாம்" என்றார், யாரோ தவறிவிட்ட செய்தி சொல்வதுபோல. "புது இன்ஜின் போட்டுத் தர்றாங்களாம். ரசீது கிடைச்சுதாம். நான் எந்த ரசீதும் அனுப்பலையே?"

"நான் அனுப்பினேன்."

"என்னைக் கேக்காமலா?"

"மூணு தடவை கேட்டேங்க."

அவர் அதைக் காதில் வாங்காமல் உறைக்குள் மறுபடி கையை விட்டார். உள்ளே ஒப்புதல் படிவம் ஒன்று இருந்தது. 'முழுத் திருப்தியுடன் ஏற்றுக்கொள்கிறேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பதினைந்து நாளைக்குள் திருப்பி அனுப்பவேண்டும்.

"முழுத் திருப்தியா? யாருக்கு? மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கா இதுல? நான் போடமாட்டேன்."

சொன்னபடியே போடவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதின்மூன்று நாள். மனைவியும் சண்டை போடவில்லை. பதினான்காம் நாள் காலை, நம்மவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரித் தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அப்போதுதான் அவருக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியும். படித்தார். காப்பி ஆறியது. அந்தக் கர்ப்பிணிப் பெண் விழுந்த வரியில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. கண் கலங்கியதுபோலக்கூட இருந்தது.

"இதை இப்படியே விடக்கூடாது" என்றார். "ரெண்டாவது பத்தியைப் பாரு. 'யோசிக்க வேண்டியிருக்கும்'னா என்ன அர்த்தம்? யாரு யோசிக்கறது? விதி எண் என்ன? அந்தப் பேனாவை எடு..."

மனைவி பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரித் தாளை மெல்ல இழுத்துக்கொண்டு, ஒப்புதல் படிவத்தை அந்த இடத்தில் தள்ளினார்.

"கையெழுத்து இங்கங்க."

அவர் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப்போகிற முகம் எப்படியிருக்கும் என்பதை இத்தனை வாரத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். போட்டுவிட்டார். 'முழு' என்ற சொல்லை மட்டும் அடிக்கலாமா என்று பேனா ஒரு கணம் தயங்கியது. மனைவி படிவத்தை உருவிக்கொண்டுவிட்டார்.

வண்டி வந்தது. ஐந்தரை மணிக்குப் பூனைபோலச் சத்தமில்லாமல் கிளம்பியது. அம்மாள் ஆறு மணிக்குக் கூடத்தில். நம்மவர்தான் ஒரு வாரம் ஜுரத்தில் எழுந்தவர்போல நடமாடினார். பிறகு ஒரு நாள், புது இன்ஜினின் எண்ணை வண்டிப் பதிவில் மாற்றுவதற்குக் கொடுத்த படிவத்தில் ஒரு எழுத்துப் பிழை அகப்பட்டது. முகம் மலர்ந்துவிட்டது. நன்றாக இருக்கிறார்.

நல்ல மனிதர்தான், ஆனாலும் இப்படியா என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், ஆயில் பம்ப் போனால் முதலில் சிவப்பு விளக்கல்லவா எரியும், கதை சொல்கிற இந்த ஆள் அதைச் சொல்லவே இல்லையே, இதைச் சும்மா விடக்கூடாது என்று ஒரு நிமிஷம் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன். நான்கு பக்கத்துக்குக் குறையாது என்று தெரியும்.