கெஸ்ட்ரல் காருக்கு ஓர் இளவட்டம் தேவை

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

மிச்சிகன் மாநிலம் ராயல் ஓக்கிலிருந்து நார்பர்ட் வீச்சோரெக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் வண்டியின் பேட்டரியும் சுகமாக இருக்க வேண்டும். நிற்க.

சென்ற இதழில் தங்கள் நிருபர், பழைய பாணியில் செய்த, பெரிய இஞ்சின் உறுமுகிற மசில் கார்களை நரைத்த தலைகள்தாம் வாங்குகின்றன, இளவட்டங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் காபி கசந்துவிட்டது. நான் கார் ஆலையில் வண்டிகளுக்குக் கதவு மாட்டியே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற கையோடு ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் பட்டை போட்ட கெஸ்ட்ரல் வாங்கினேன். முகம் அறுபதுகளின் கெஸ்ட்ரல், உடம்பு புதுசு. இப்போது கண் டாக்டர், செப்டம்பர் முதல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரே மகள் கெய்ட்லின் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். அவளுக்கு இருபத்தாறு வயது. ஆகவே தங்கள் நிருபர் எழுதியது என் வீட்டுச் சமாசாரம்.

அவள் ஓட்டுவதோ வெளிநாட்டுக் குட்டி மின்சாரக் கார். அதை வாசலில் நிறுத்த நான் விடுவதில்லை. எங்கள் தெரு முழுக்க ஆலைக்காரர்கள். வாசலில் எந்தக் கம்பெனி வண்டி நிற்கிறது என்று பார்த்துத்தான் மனிதனை எடை போடுவார்கள். அவள் பின்சந்தில் நிறுத்திவிட்டு, குப்பைத் தொட்டிகளைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வரவேண்டும்.

நிருபரைப் பொய்யராக்க ஒரு நாள் குறித்தேன். ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகள் வலம் வருகிற சனிக்கிழமை. வியாழனன்றே என் மடக்கு நாற்காலியைச் சாலையோரப் புல்லில் போட்டு இடம் பிடித்தேன், அதை யாரும் நகர்த்தமாட்டார்கள், அது எங்கள் ஊர் மரியாதை. சனிக்கிழமை வண்டிக்கு மெழுகு போட்டு, பானட்டைத் திறந்து வைத்து, இளவட்டத்துக்காகக் காத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் கைத்தடிக்காரர்கள், ஒவ்வொருவரும் "எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுப்பா" என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ரஸ்ஸல் அடுத்த நாற்காலியில் இருந்தான். "என்னடா நார்ப், இது கார் கண்காட்சியா, முட்டி ஆபரேஷன் பண்ணவங்க சங்கமா?" என்றான்.

மத்தியானம் பச்சைத் தலைமுடியோடு ஒரு பெண் வந்தாள். "சார், இது நெசமாவே பழசா?"

நான் துள்ளி எழுந்தேன். "பழசு மாதிரி புதுசா செஞ்சதும்மா! இஞ்சின் சத்தம் கேக்குறியா?"

"கார கேக்கல சார். நீங்க உக்காந்திருந்த நாற்காலி. எனக்குக் குடுப்பீங்களா?"

அது பச்சை வெள்ளை நாடா பின்னிய அலுமினிய நாற்காலி, கல்யாணமான புதிதில் என் மனைவி வாங்கியது. "கார் வேணாமா?" என்றேன்.

"அது பழசு மாதிரி நடிக்குதுல்ல சார். இது நடிக்கல."

ரஸ்ஸல் மூக்கில் லெமனேட் ஏறும்வரை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வயதில், நான் வளர்ந்த ஹாம்ட்ராம்க் ஊரின் தெருமுனையில் ஒரு கெஸ்ட்ரல் உறுமிக்கொண்டு திரும்புவதை வாய் பிளந்து பார்த்தேன். அந்தப் பையனுக்காகத்தான் கம்பெனிக்காரன் இந்த வண்டியைச் செய்திருக்கிறான். பையன்தான் நரைத்துவிட்டான். என் ஞாபகத்துக்கு நாலு சக்கரம் பூட்டி மகள் கையில் கொடுத்தால், பாவம், அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

கெய்ட்லினிடமே கேட்டேன். "நெசத்தச் சொல்லு. இந்த வண்டி ஒனக்குப் புடிக்குமா?"

"புடிக்காதுப்பா. பின்னாடி என்ன வருதுன்னே தெரியல. பெட்ரோல வேற தண்ணியா குடிக்குது."

"சரி, வித்துடறேன்."

"யாரு விக்கச் சொன்னா? அம்மா போனப்புறம் வீட்ல நீங்க வாயத் தொறக்கறதே இல்ல. இந்தக் கார்ல உக்காந்தாத்தான் பேசுறீங்க. நான் எடுத்துக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து வரணும், அவ்ளோதான்."

ஆசிரியரே, அவள் கவனித்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆக, இருபத்தாறு வயதுக்காரி ஒருத்தி கெஸ்ட்ரலை ஏற்றுக்கொண்டாள். நிருபரின் கூற்றுக்கு இதை மறுப்பாக வெளியிட வேண்டுகிறேன். தங்கள் அச்சு இயந்திரம் மக்கர் பண்ணாமல் நெடுங்காலம் ஓடட்டும்.

இப்படிக்கு,
நார்பர்ட் வீச்சோரெக்

பின்குறிப்பு: தயவுசெய்து இதை வெளியிட வேண்டாம். நேற்று அவள் கெஸ்ட்ரலை ஓட்டினாள். அவள் போன வேகத்தில் கதவுப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பி வந்ததும் என்னைத் தன் குட்டிக் காரில் ஏற்றி, "இதுல சத்தமே இல்லப்பா, இப்பப் பேசுங்க" என்றாள். ஏரி வரை போய்த் திரும்பினோம், நான் பேச்சை நிறுத்தவே இல்லை. கெஸ்ட்ரலை ரஸ்ஸல் வாங்கிக்கொள்கிறான். அவனுக்கு எழுபத்திரண்டு வயது. மின்சார வண்டி இப்போது எங்கள் வாசலில்தான் நிற்கிறது.