அந்தோனியாரிடம் ஒளித்த குளிசை

பத்திநாதர் முடிவெடுத்துவிட்டார். இனி அந்த வெள்ளைக் குளிசை அவர் தொண்டைக்குள் இறங்காது. இறங்கவே இறங்காது!

நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து மூன்று வருடம். அன்று தொடக்கம் தினமும் காலையில், இதயத்தை அடக்கி அடிக்கவைக்கிற அந்தக் குளிசைதான். சாகும்வரைக்கும் போட வேண்டுமாம். அதைப் போட்டதிலிருந்து விரல்கள் சில்லிட்டன, நாலு எட்டு நடந்தால் களைத்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, மேரிஜோசப்பின் என்கிற அவர் மனைவி போட்ட சட்டம்.

"குளிசை போடுற ஆள் கடலுக்குப் போக ஏலாது."

ஊர்காவற்றுறைக் கரையில் அவருடைய மீன்பிடி வள்ளம் கவிழ்ந்து கிடந்து வெயில் காய்ந்தது. குளிசை இல்லாமலே நெஞ்சு ஓடும் என்று கிளினிக்கில் நிரூபித்துவிட்டால், அடுத்த நாளே வள்ளம் தண்ணீரில்.

அவள் தருகிற குளிசையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்குவார். அவள் குசினிக்குள் போனதும் வீட்டுப் பீடத்தில் நின்ற புனித அந்தோனியார் சுரூபத்தைச் சரித்து, அடியில் இருந்த பொந்துக்குள் தள்ளிவிடுவார். குளிசையை விட்டதில் கைகூடச் சூடாகிவிட்டது போலிருந்தது. அதோடு, இனிப்பையே கண்ணில் காட்டாத மேரிஜோசப்பின், தேத்தண்ணியோடு பனங்கட்டித் துண்டொன்று தரத் தொடங்கினாள். மனுசிக்கு இந்த வயதில் ஆசை திரும்பிவிட்டது என்று பத்திநாதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து மனைவியோடு கிளினிக்குக்குப் போனார். டொக்டர் நாடி பார்த்தார்.

"ஐம்பத்தெட்டு. அருமை, ஐயா. குளிசை நல்லா வேலை செய்யுது."

"குளிசையோ? நாலு மாசமா நான் ஒண்டுகூட விழுங்கேல்லை, டொக்டர்!"

டொக்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன விளையாட்டு இது? அதைத் திடீரெண்டு நிப்பாட்டினால் மாரடைப்பே வரும்! ஆள் தப்பினதே பெரிய காரியம்!"

பத்திநாதர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். செத்துப்போயிருப்பேனா? நானா?

"பயப்படாதேங்கோ டொக்டர்," என்றாள் மேரிஜோசப்பின். "முதல் கிழமையே பிடிச்சிட்டன். அதுக்குப் பிறகு இவர் துப்பினதெல்லாம் வெள்ளைச் சத்துக் குளிசை. நெஞ்சுக் குளிசையை உடைச்சுக் குடுக்கலாமோ எண்டு இஞ்சை நேர்ஸ் மிஸ்ஸைக் கேட்டுப்போட்டு, அதைப் பனங்கட்டிக்குள்ளை வைச்சுக் குடுத்தனான்."

"உ... உமக்கு எப்பிடித் தெரியும்?"

"செவ்வாய்க்குச் செவ்வாய் சுரூபம் துடைக்கிறது ஆர்? துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாற அந்தோனியாரிட்டையே கொண்டுபோய் ஒளிச்சிருக்கிறியள்!"

பத்திநாதரின் கை மீசைக்குப் போய்த் திரும்பியது. "அப்ப அந்தப் பனங்கட்டி... ஆசையிலை தந்தது இல்லையோ?"

"ஆசையில்லாமலோ நாலு மாசம் பொத்திப் பொத்தித் தந்தனான்?" அவள் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டாள். "எழும்புங்கோ. கடலுக்குத்தானே போகோணும்? போவம். வள்ளத்திலை நானும் வாறன், குளிசைப் போத்தலோட."