கூக்கபரா வங்கியின் பேரில் ஓர் அர்ச்சனை

ஆஸ்திரேலியாவில் வந்திறங்கும் ஒவ்வொரு தமிழனுக்கும் இரண்டு கடமைகள் உண்டு. முதல் கடமை, ஒரு வங்கியில் கணக்குத் திறப்பது. இரண்டாவது, அதை விட்டுவிட்டு வேறு வங்கிக்கு ஓடுவது. முதல் கடமையோடு திருப்தியடைந்து இருபது வருஷம் ஒரே வங்கியில் கிடப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் மெரிலேண்ட்ஸ் வட்டாரத்தில் அவர்களை யாரும் மதிப்பதில்லை.

எங்களுக்கு இந்த ஞானத்தைக் கொடுத்தவர் நரசிம்மன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவர் நடத்திய 'வட்டியும் நாமும்' வாட்ஸப் குழுவில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். முன்பெல்லாம் ஒருவர் வீட்டுக்குப் போனால் குழந்தைகளின் படிப்பை விசாரிப்போம். இப்போது செருப்பைக் கழற்றும்போதே "உங்களுக்கு எத்தனை பர்சென்ட்?" என்று கேட்கப் பழகிவிட்டோம்.

நரசிம்மனின் லட்சியம் உயர்வானது. சொந்த வீடு வாங்க வேண்டும். இருந்த வாடகை வீட்டில் சுவரில் ஓர் ஆணி அடிக்க ஏஜென்டுக்கு மூன்று மெயில் போட வேண்டியிருந்தது. அதனால் சாமி படம் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை அவர் மனைவி ஹம்சா பார்த்து வைத்திருந்தாள். பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை மரம். "எனக்கு அந்த வீடு வேணும். வட்டியெல்லாம் உங்க பாடு," என்று சொல்லிவிட்டாள்.

எனவே வீட்டுக்கான முன்பணம் யாத்திரை புறப்பட்டது. வாலபி வங்கியில் புது வாடிக்கையாளருக்கு அதிக வட்டி. சில மாதங்களில் நீங்கள் பழைய வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்கள். அந்தக் குற்றத்துக்காக வட்டி இறங்கும். உடனே வொம்பாட் வங்கி. அங்கிருந்து கூக்கபரா வங்கி. அந்தப் பணம் சுற்றிய அளவுக்கு நாங்கள் யாரும் ஆஸ்திரேலியாவைச் சுற்றியதில்லை.

கூக்கபரா வங்கி ஒரு சின்ன நிபந்தனை வைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் அதன் கார்டால் ஐந்து தடவை ஏதாவது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் போனஸ் வட்டி கிடையாது. செலவே செய்யாமல் சேமிப்பவரை, சேமிப்பில் அக்கறை இல்லாதவர் என்று வங்கி கருதும்.

ஆகவே மாதக் கடைசியில் விக்னராஜாவின் மளிகைக் கடையில் வரிசை நின்றது. விக்னராஜா யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி.

"ஒரு வாழைப்பழம்," என்று நரசிம்மன் கார்டைத் தட்டுவார். "இன்னொரு வாழைப்பழம்."

"தம்பி, சீப்பாவே எடுங்கோவன்."

"வேண்டாம் அண்ணே. தனித்தனியா போடுங்க."

"ஓம், போடலாம். ஆனா கார்டு தட்டுற ஒவ்வொரு தரமும் கடைக்கு ஐம்பது சதம் கூடக் கட்டோணும். போர்ட்டில எழுதிக் கிடக்கு."

"போடுங்க, போடுங்க. அதெல்லாம் வட்டியில வந்துடும்."

அவருக்குப் பின்னால் நாங்களும் ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு நின்றோம். கூட்டம் தாங்காமல் விக்னராஜா இரண்டாவது கார்டு மெஷின் வாங்கிப் போட்டார். எங்கள் வசதிக்காக அவ்வளவு செய்கிறாரே என்று நெகிழ்ந்துபோனோம்.

ஒரு மாதம் நரசிம்மன் குடும்பத்தோடு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போயிருந்தார். பெருமாளைப் பார்த்துக் கைகூப்பியபோதுதான் அன்று மாதத்தின் கடைசி நாள் என்பதும், ஒரு வாழைப்பழம்கூட வாங்கவில்லை என்பதும் அவருக்கு உறைத்தது. சுற்றிலும் காடு. ஆனால் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு கார்டு மெஷின் இருந்தது. பெருமாள் கைவிடவில்லை.

ஐந்து சீட்டு, ஐந்து தட்டு. தனக்கு ஒன்று, ஹம்சாவுக்கு ஒன்று, மகள் வர்ஷாவுக்கு ஒன்று, திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்று. ஐந்தாவது சீட்டை வாங்கிய பட்டர், "இது யார் பேருக்கு?" என்றார்.

நரசிம்மன் நன்றியுள்ளவர். "கூக்கபரா வங்கி."

"கோத்திரம்?"

"தெரியல சுவாமி."

"நட்சத்திரம்?"

"கணக்கு திறந்த அன்னிக்கு ரோகிணி."

பட்டர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். "ரோகிணி நட்சத்திரே, கூக்கபரா நாமதேயஸ்ய" என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டார். ஹம்சா தெரியாதவள் மாதிரி நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

அந்த மாத போனஸ் வட்டி வரவில்லை. நரசிம்மன் வங்கிக்குப் போன் போட்டார். அதிகாரி ஒருவர் மிகுந்த பணிவோடு பேசினார்.

"ஐயா, கோயிலில் கொடுத்தது நன்கொடை. விதிப்படி அது கொள்முதல் ஆகாது. பதிலுக்குத் தங்களுக்கு ஏதாவது கிடைத்ததா?"

"அருள் கிடைச்சுது."

"எடை போடக்கூடியதாக ஏதாவது?"

"தேங்காய் மூடி. ஒரு அர்ச்சனைக்கு ஒண்ணு."

அதிகாரி மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்தார். "தேங்காயைப் பொருளாக ஏற்றுக்கொள்கிறோம் ஐயா. ஐந்து சீட்டும் யார் யார் பெயரில்?"

"நாலு எங்க குடும்பத்துக்கு. அஞ்சாவது உங்க வங்கி பேர்லதான்!" என்றார் நரசிம்மன் பெருமையோடு.

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கவும் ஐயா. அப்படியானால் அந்தத் தேங்காயைக் கொள்முதல் செய்தது வங்கி. தங்கள் கணக்கில் நான்குதான் சேரும். எங்கள் தேங்காயைத் தாங்கள் அருகிலுள்ள கிளையில் ஒப்படைக்க வேண்டும்."

"சட்னி அரைச்சாச்சு."

"அதையும் குறித்துக்கொள்கிறேன் ஐயா. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

நரசிம்மன் ரோஷக்காரர். அன்றே பணம் முழுவதையும் ஈமு வங்கிக்கு மாற்றினார். அங்கேயும் அதே ஐந்து தட்டு நிபந்தனைதான். அதே வாரம் கறிவேப்பிலை மரத்து வீடு ஏலத்துக்கு வந்தது. வீட்டுக் கடன் வாங்கித் தரும் டிலக்சியிடம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஓடினார்கள்.

டிலக்சி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அண்ணா, முன்பணம் மூண்டு மாசமாவது ஒரு இடத்தில இருந்திருக்கோணும். அதைத்தான் உண்மையான சேமிப்பு எண்டு எடுப்பினம். இது ஒரு இடத்திலயும் இருக்கேல்லையே."

"எல்லா வங்கியிலயும் இருந்துச்சும்மா!"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"நாலு வருஷமா சேமிச்சது இது."

"சேமிச்ச மாதிரித் தெரியேல்ல அண்ணா. ஆரோ துரத்திக்கொண்டு வந்த மாதிரித் தெரியுது."

ஹம்சா கைப்பையை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நரசிம்மன் பிறகு என்னிடம் சொன்னார்.

கடன் கிடைக்கவில்லை. வீடு யாருக்குப் போகிறது என்று பார்க்கவாவது சனிக்கிழமை இருவரும் ஏலத்துக்குப் புறப்பட்டார்கள்; நாங்கள் எல்லோரும் துணைக்குப் போனோம். ஹம்சா கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைத் தடவிக்கொண்டே நின்றாள். மூன்றாம் தடவை கூவி, சுத்தியலைத் தட்டி, வீடு விற்றாயிற்று என்றார்கள். வாங்கியவர் யார் என்று எட்டிப் பார்த்தோம். விக்னராஜா.

"அண்ணே, நீங்களா?" நரசிம்மன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார். "நீங்க எந்த வங்கி? எத்தனை பர்சென்ட்?"

"எனக்கு ஆர் தம்பி வட்டி தாறான்? இங்க வந்த புதுசில திறந்த கணக்குத்தான் இண்டைக்கும் கிடக்கு. இது நீங்கள் எல்லாரும் தட்டின காசு." எங்கள் எல்லோரையும் பார்த்து அன்போடு சிரித்தார். "தங்கச்சிக்கு மரம் பிடிச்சிருக்குப் போல. வாடகைக்கு வந்து இருங்கோவன். ஆணியும் அடியுங்கோ."

ஹம்சாவின் கண் கலங்கியது. நரசிம்மன் தலை குனிந்து நின்றார். திடீரென்று நிமிர்ந்தார். முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"அண்ணே, வாடகையை கார்டுல கட்டலாமா?"

"ஓம். கடைக்கு வந்து தட்டுங்கோ."

"அஞ்சு தடவையா பிரிச்சு?"

"எத்தனை தரமெண்டாலும் தட்டுங்கோ தம்பி. போர்ட் தெரியும்தானே."

அன்று மாலையே குழுவில் அறிவிப்பு வந்தது: 'வாடகையும் கொள்முதலே. ஈமு வங்கியில் கேட்டு உறுதி செய்தாகிவிட்டது.' சற்று நேரத்தில் நாங்கள் அத்தனை பேரும் விக்னராஜாவுக்குப் போன் போட்டு, வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டோம்.

"இந்த மாசக் கடைசி போகட்டும்," என்றார் அவர். "பாப்பம்."

இன்றைக்கு மாதக் கடைசி. கடை வரிசையில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். விக்னராஜா மூன்றாவது மெஷினுக்கு வயர் மாட்டிக்கொண்டிருக்கிறார். என் கையில் ஒரு வாழைப்பழம் இருக்கிறது. இதற்குப் பிறகு இன்னும் நான்கு தடவை வர வேண்டும்.