அஞ்சாந்திரி அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் ஓவியக் கண்காட்சிகளைத் திறந்துவைப்பவர்கள் மந்திரிகள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். பத்து வருஷமாக எங்கள் மியூசியத்தின் அத்தனை கண்காட்சிகளையும் திறந்துவைத்தவர் ஒரே ஆள். சாலைக் கடைத்தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருந்த அஞ்சாந்திரி அண்ணாச்சி. அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து எந்த முகத்தோடு கேட்பது?

அவர் கதைக்குப் போகும் முன் என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுதுகொள்கிறேன். நான் அந்த மியூசியத்தில் நிகழ்ச்சி உதவியாளர். ஏப்ரல் பிறந்தால் என் ஆயுளில் இரண்டு மாதம் காலி. கோடைக் கண்காட்சி, பிள்ளைகளுக்குக் களிமண் முகாம், சுவரோவிய வகுப்பு, வாரம் ஒரு சொற்பொழிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு திறப்பு விழா, ஒரு நிறைவு விழா. களிமண்ணைப் பிசையத் தொடங்குவதற்கு ஒரு விழா, பிசைந்த களிமண்ணைத் தரையிலிருந்து சுரண்டுவதற்கு ஒரு விழா. நாற்காலி போடுவது நான். நாற்காலி காலியாக இருந்தால் அதில் உட்கார்ந்து கைதட்டுவதும் நான். மேடையில் பேசுபவர் மாறுவார், பேச்சு மாறாது. அதையும் கேட்டாக வேண்டும்.

இங்கே விழா என்றால் குத்துவிளக்கு உண்டு. குத்துவிளக்குக்கு ஐந்து திரி. ஐந்து திரிக்கு ஐந்து பெரிய மனிதர்கள். ஒரு மெழுகுவர்த்தியைக் கைக்குக் கை மாற்றி வரிசையாக ஏற்றுவார்கள். அழைப்பிதழில் ஐந்து பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் வருவது நான்கு பேர். மழை பெய்தால் மூன்று. எங்கள் டைரக்டர் மேடம் கலை விஷயத்தில் ரொம்ப முற்போக்கு. திரி விஷயத்தில் மட்டும் ஒன்று ஏற்றாமல் கிடந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு நாள் ஐந்தாவது ஆள் வராமல் நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, திரியும் எண்ணெயும் கொண்டுவந்த அண்ணாச்சி ஓரமாக நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கடைசித் திரியை நீங்க ஏத்திருங்களேன்.”

“கையெல்லாம் எண்ணெயா இருக்கு தம்பி.”

“விளக்குக்கு அது ஒண்ணும் செய்யாது.”

தோளில் கிடந்த தோர்த்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏற்றினார். அன்று பிடித்தது. அதற்குப் பிறகு கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒவ்வொரு விழாவுக்கும் ஆஜர். ஐம்பதை நெருங்கும் என்னை இன்றுவரை தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஐந்தாவது திரியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஒருமுறை இரண்டே விருந்தினர்கள் வந்தார்கள். மூன்றாவதை அவர் ஏற்றட்டும் என்றார் மேடம்.

“அது மூணாவது ஆளுக்குள்ளது மேடம். நான் அஞ்சாவது ஆளு. நீங்க வேற ஆளு பாருங்க.”

வாசல் காவலாளியைத் தொப்பியோடு இழுத்துவந்து மூன்றாவதை ஏற்றவைத்தோம். நான்காவதை மேடமே ஏற்றினார். அதுவரை அண்ணாச்சி அசையவே இல்லை.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். “முதல் நாலு பேரு கொளுத்துகது போட்டோவுக்காக்கும். திரி பிடிச்சுதா இல்லியாண்ணு ஆரு பாக்கா? அஞ்சாவது ஆளுதான் குனிஞ்சு பாக்கணும். அவன் பாக்கல்லேண்ணா விளக்கு அனாதையாப் போவும்.”

சும்மா சொல்லக்கூடாது, அது உண்மை. மந்திரி காமிராவைப் பார்த்துச் சிரிப்பார், மெழுகுவர்த்தி திரிக்கு நாலு விரல் தள்ளி எரிந்துகொண்டிருக்கும். அண்ணாச்சி குனிந்து, இடுப்பிலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்து, பிடிக்காத திரியையெல்லாம் பிடிக்கவைப்பார். காற்று பட்டு அணையக்கூடாது என்று ஏசியையும் நிறுத்தச் சொல்லுவார். ஒரு நாள் கனத்த ஜரிகை ஜிப்பாவில் வந்திருந்த சிறப்பு விருந்தினர் ஒருவர் வியர்வையில் குளித்தே போனார். இன்னொரு நாள் விளக்குப் புகையில் தீ அபாய மணி அலறிவிட்டது. கூட்டம் மொத்தமும் தோட்டத்துக்கு ஓடியது. விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உள்ளேயே நின்றவர் வாசலைப் பார்த்துக் கத்தினார்: “ஒண்ணும் இல்ல, விளக்கு எரியுது, எல்லாரும் உள்ள வாங்க!”

இவ்வளவு பாடுபட்டவருக்கு ஒரே ஒரு குறை. அவர் முகம் பத்திரிகையில் வந்ததே இல்லை. எப்போது படம் எடுத்தாலும் அவர் விளக்கின் மேல் குனிந்துகொண்டிருப்பார், அல்லது யாராவது பெரிய மனிதரின் வயிறு மறைத்துவிடும். சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் செய்தித் துணுக்குகளை மடித்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு கை மட்டும் இருக்கும். “இது நானாக்கும்” என்று அந்தக் கையைத் தொட்டுக் காட்டுவார்.

“வீட்டுல அவ நம்பமாட்டேங்கா தம்பி. வெள்ளைச் சட்டை போட்டுகிட்டு எங்கயோ சீட்டு வெளையாடப் போறேன்ணு நெனைக்கா. ஒரு தடவ மூஞ்சி விழுந்தாப் போரும், அவ வாயை அடைச்சிருவேன்.”

அடுத்த விழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். எத்தனை மந்திரிகளின் பேச்சைக் கேட்டவன், எனக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டிருந்தது.

போன வருஷம் மே கடைசியில் அந்த வாய்ப்பு வந்தது. பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரின் முதல் கண்காட்சி. வீட்டுக் கட்டிலுக்கு அடியில் முப்பது வருஷமாகச் சேர்ந்து கிடந்த படங்கள். அழைப்பிதழில் ஐந்து பெயர். அன்று மத்தியானம் வானம் பொத்துக்கொண்டது. ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் முழங்கால் அளவு தண்ணீர். மந்திரி வரவில்லை, கவுன்சிலர் வரவில்லை, ஒவ்வொருவராக போனில் வருத்தம் தெரிவித்தார்கள். மேடம் டெல்லியில் இருந்தார். கூடத்தில் நான், டீச்சர், அண்ணாச்சி, சொட்டச் சொட்ட நனைந்து வந்த ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், அவ்வளவுதான்.

“விளக்கு வேண்டாம் சாரே. ஆளு இல்லாம எதுக்கு?” என்றார் டீச்சர். புதுப் புடவையின் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

புகைப்படக்காரருக்கு அவசரம். “ஒராள் மதி சேட்டா, வேகம்!” என்று அண்ணாச்சியை விளக்கின் முன்னால் நிறுத்தி, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தியும் வைத்தார். ஒரு ஆள் ஏற்றினாலே அவருக்குப் போதும்.

நான் அண்ணாச்சியின் காதருகே போய்ச் சொன்னேன். “இதை விட்டா வேற சான்ஸ் இல்ல. முதல் திரியைக் கொளுத்துங்க. முழு மூஞ்சியும் விழும். மறைக்க ஒருத்தரும் இல்ல.”

அவர் காமிராவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

“டீச்சரே, கார்டுல எத்தன பேரு போட்டிருக்கு?”

“அஞ்சு.”

“அப்பம் அஞ்சு பேரு கொளுத்தணும்.”

குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். புகைப்படக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரை நிறுத்திவைக்க நான் கும்பிடாத குறை. பத்து நிமிஷத்தில் மூன்று பேரோடு வந்தார். ஒரு ஆட்டோ டிரைவர், வாசலில் கடலை விற்கும் அம்மாள், மழைக்கு வெளிவாசலருகே ஒதுங்கியிருந்த, ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் பெண் ஒருத்தி, அவள் மடிக்கணினிப் பை சகிதம்.

“நாலாவது ஆளு?” என்றேன்.

“நீதான்.”

“நானா? நான் ஸ்டாஃப் அண்ணாச்சி.”

“ஸ்டாஃப்னா மனுசன் இல்லியாடே?”

எத்தனையோ விளக்குகளைத் துடைத்து வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூட ஏற்றியதில்லை. மெழுகுவர்த்தி என் கைக்கு வந்தபோது நானும் ஏற்றிவிட்டுக் காமிராவைப் பார்த்துச் சிரித்தேன். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். ஆட்டோ டிரைவர் ஈரச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு படம் விடாமல் நின்று நின்று பார்த்தார். எங்கள் மியூசியத்தில் எந்த மந்திரியும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் பெரிதாகவே வந்தது. டீச்சர், டிரைவர், கடலைக்காரம்மாள், அந்தப் பெண், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் நான். என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் விளக்கை நோக்கி நீண்டிருந்தது. இந்தத் தடவை அவரை மறைத்தது நான்.

அண்ணாச்சி துணுக்கோடு வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

“ஒன் மூஞ்சி கொள்ளாம் டே, நல்லா விழுந்திருக்கு.”

“வீட்டுல காட்டினீங்களா?”

“காட்டினேன். இது ஆருக்க கையோண்ணு கேட்டுட்டு அடுக்களைக்குப் போயிட்டா.” பத்திரமாக மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தக் கோடையில் அவர் இல்லை. முழங்காலில் ஆபரேஷன். கழக்கூட்டத்தில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில், பதினோராவது மாடியில் இருக்கிறார். அந்த நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி அவரால் வரமுடியாது. அதிசயமாக முதல் விழாவுக்கு அழைப்பிதழில் இருந்த ஐந்து பேருமே வந்துவிட்டார்கள். ஏற்றினார்கள், சிரித்தார்கள், படத்துக்காக விளக்கைச் சுற்றி நின்றார்கள். பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தின் அலுப்பில், பேச்சு தொடங்குமுன் ஒரு டீ குடிக்கலாம் என்று கிளம்பினேன். என்னவோ மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் போன் அடித்தது.

“தம்பி, பேப்பர் பாத்தேன். அஞ்சு மூஞ்சியும் விழுந்திருக்கு. கொள்ளாம். மூணாவது திரி பிடிக்கல்ல, இல்லியா?”

“ஆமா அண்ணாச்சி. எப்பிடித் தெரியும்?”

“ஓரத்துல அதுக்க நேரா ஒரு கை கண்டேன்.”

அதே படத்தை என் மனைவி அன்று காலையில் இரண்டு தடவை பார்த்தாள். அந்தக் கை என்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.