பொறப்பட்ட கரை

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். நேராக நீந்தத்தான் தெரியாது. இந்த உண்மை வெளிப்பட்ட அன்று ஏரிக்கரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. சரசுவும் இருந்தாள், அவள் அப்பாவும் இருந்தார். (மானம் போவதென்றால் கூட்டம் கூடின பிறகுதான் போகும்.)

எண்பதுகளின் தொடக்கம். திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் சரசுவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் கேட்டுப் போனோம். அவள் அப்பா பிடி கொடுக்கவில்லை. "பொங்கலுக்கு உங்க ஊருப் போட்டியில பையன் கலந்துக்கறாராமா. வந்து பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று அனுப்பிவிட்டார்.

போட்டி எங்கள் இளைஞர் மன்றத்தின் கைங்கரியம். ஏரியை நீந்திக் கடந்து, அக்கரையில் நிற்கும் சைக்கிளை எடுத்து மூன்று மைல் மிதித்து, அங்கிருந்து கோயில்வரை ஓட வேண்டும். இப்போது இதற்கு டிரையத்லான் என்று பெயராம். நாங்கள் 'முட்டி கழட்டி' என்போம்.

மற்றவர்கள் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி எருமை மாதிரி நீந்துவார்கள். நான் மட்டும் சேலத்து சலூனில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகைப் படத்தைப் பார்த்து ஞானம் பெற்றிருந்தேன். முகம் தண்ணீருக்குள். முழங்கை உயரே. மூச்சுக்கு மட்டும் தலை லேசாக இடப்பக்கம் திரும்பும். இரண்டு மாதம் எங்கள் கிணற்றில் பழகினேன். பச்சைத் தண்ணீருக்குள் வெயில் சாய்வாக இறங்கும். வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. எட்டுக் கை போட்டால் சுவர் வந்துவிடும், இடப்பக்கம் திரும்புவேன். மறுபடி எட்டுக் கை, மறுபடி இடப்பக்கம். அடடா, சொர்க்கம்!

விசில் ஊதியதும் பாய்ந்தேன். முகத்தை உள்ளே வைத்ததுதான் தெரியும், கரையின் கூச்சலெல்லாம் அடங்கிவிட்டது. சுற்றிலும் மஞ்சள் வெளிச்சம். அதற்குள் சரசு பட்டுப்புடவையில் வந்தாள். தாலி கட்டினேன். பந்தி போட்டார்கள். முதல் குழந்தைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். கை காலில் வலியே இல்லை. ஆயுசுக்கும் இப்படியே நீந்தலாம் போலிருந்தது.

கால் சேற்றில் தட்டியது. எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. நான்தான் முதல்! இரண்டு கையையும் தூக்கினேன். எதிரே, துண்டில் கடலையைக் கொட்டி உரித்துக்கொண்டு சரசுவின் அப்பா.

"ஏனுங்க தம்பி, எதையாச்சும் மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"

"நான் மொதல்ல வந்துட்டனுங்களா?"

"வந்துட்டீங்க சாமி. ஆனா இது பொறப்பட்ட கரையாச்சே."

திரும்பினேன். அக்கரையில் மற்றவர்கள் சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் வாடகை சைக்கிள் மட்டும் அநாதையாக நின்றது. கிணற்றுப் பழக்கத்தில், கை தன்பாட்டுக்கு என்னை இடப்பக்கமாகவே திருப்பி ஒரு முழு வட்டம் அடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறது! கரை முழுக்கச் சிரிப்பு. சரசு தாவணியால் வாயைப் பொத்தியும் தோள் குலுங்கியது. ஐயோ, அந்த ஏரி என்னை அப்படியே விழுங்கியிருக்கக் கூடாதா! சரசு போச்சு என்று மூன்று நாள் போர்வைக்குள் கிடந்து அழுதேன்.

நாலாம் நாள் அவள் அப்பாவே வந்தார். "பொண்ணு குடுக்கறமுங்க" என்றார்.

என் அப்பாவால் நம்ப முடியவில்லை. "அன்னைக்கு ஏரியில பாத்ததுக்கு அப்பறமுமாங்க?"

"பாத்ததாலதானுங்க. மூத்த மாப்பிள்ள ரிக் வண்டியோட போர்க்கெணறு போட வடக்க போனாரு. வருசத்துக்கு ஒருக்காத்தான் தலையக் காட்டறாரு. புள்ள வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்குது. உங்க பையன எங்க உட்டாலும் பொறப்பட்ட எடத்துக்கே வந்துருவாருங்க. எனக்கு அது போதுமுங்க."

நாற்பது வருடம் ஓடிவிட்டது. தெருமுனைக் கடைக்குக் கிளம்பினாலும், "அப்பப்பத் தலையத் தூக்கிப் பாத்துப் போங்க" என்று பேரன் பேத்திகளுக்குக் கேட்கும்படி சொல்கிறாள் சரசு. போன வாரம்கூட ஏதோ யோசனையில் நடந்து, பால் வாங்காமலே வாசலில் வந்து நின்றேன். அவள் கையில் காலிப் பாத்திரம்.

"ஏனுங்க," என்றாள், "எதையாச்சும் மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"