மணிக்கைச் சட்டையும் சாய்வு நாற்காலியும்

இந்த வருஷ போனஸில் சாய்வு நாற்காலி வாங்கியே தீருவது என்று ஸ்டோர்கீப்பர் சபதம் எடுத்திருந்தார். கம்பெனிக் குவார்ட்டர்ஸ் பால்கனியில் அதற்கான இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கூட வைத்துவிட்டார். நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் எண்ணுகிற மனுஷன், சாயங்காலம் சாய ஓர் இடம் கேட்டால் தப்பா?

தப்புதான் போலிருக்கிறது. எதிர் பங்களாவில் மேனேஜர் சம்சாரம் ஒரு புதுச் சட்டையோடு வாசலுக்கு வந்தாள். முழங்கைக்குக் கீழே சட்டையின் கை, கோயில் மணி மாதிரி விரிந்து தொங்கியது. அன்று சாயங்காலமே ஸ்டோர்கீப்பரின் மனைவி, அதே மாதிரி மூன்று கலரில் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முடியாது என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்திருந்தால் நமக்குக் கதையே இல்லை.

தைரியம் இல்லாவிட்டால் என்ன, மூளை இருந்தது. போன வருஷம் அதே பங்களா அம்மாவைப் பார்த்து மனைவி புள்ளிக் குடை வாங்கினாள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா கையில் அதே குடையைப் பார்த்த அன்றே தன்னுடையதைப் பரணில் போட்டுவிட்டாள். மேலே இருப்பவரைப் பார்த்து மாட்டுவதும், கீழே இருப்பவரைப் பார்த்துக் கழற்றுவதும்தானே ஊர் வழக்கம்? முள்ளை முள்ளால்தான் எடுக்கணும். மனைவியிடம் ஒரு வாரம் தவணை வாங்கினார். கம்பெனி இனாம் என்று ஒரு பொய்யைச் சொல்லி, டெய்லரிடம் ஒரு மணிக்கைச் சட்டை தைத்துக்கொள்ளும்படி அக்காவை அனுப்பினார்.

அக்கா சட்டையோடு வந்தாள். மனைவியின் முகம் சுருங்கிப்போனது. ஸ்டோர்கீப்பருக்கு நாற்காலி கண்ணிலேயே தெரிந்தது.

ஆனால் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் மணிக்கை இரண்டும் தண்ணீரில் முழுகின. அக்கா சட்டையைத் திட்டிக்கொண்டே கொடியில் கிடந்த சிவப்பு நாடாவை இரண்டாக அறுத்து, கையை மேலே சுருக்கி முடிச்சுப் போட்டாள். அப்படியே அடுத்த வேலைக்குப் பங்களாவுக்கும் போனாள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் சம்சாரம் வாசலுக்கு வந்தாள். இரண்டு கையிலும் சிவப்பு நாடா, அதில் குஞ்சம் வேறு. மனைவி பார்ப்பதற்குள் ஸ்டோர்கீப்பர் பால்கனிக் கதவைச் சாத்தினார்.

மனைவி அவர் முன்னால் டீயை வைத்தாள்.

"அக்காவுக்கு அந்தச் சட்டை நீங்கதானே தைச்சுக் குடுத்தீங்க?"

"யாரு சொன்னா?"

"டெய்லர் அன்னிக்கே சொல்லிட்டாரு. கம்பெனி என்னிக்குங்க சட்டை குடுத்துச்சு? உங்களுக்கே ஒண்ணு குடுக்கலையே."

மறைத்துப் பிரயோஜனமில்லை. நாற்காலி ஆசையைச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"எதுக்கு மன்னிப்பு? இத்தனை வருஷமா அந்தம்மாவைப் பார்த்து வாங்கி வாங்கி, எப்பவும் நான் ரெண்டாவதுதான். இப்பதானே தெரியுது, அந்தம்மாவே நம்ம அக்காவைப் பார்த்துத்தான் போடுறா. இனிமே எது புதுசா வந்தாலும் அக்காவுக்கு முதல்ல தைச்சுக் குடுங்க. அவ எங்க வெட்டுறா, எங்க முடிச்சுப் போடுறான்னு நான் பார்த்துச் சொல்றேன். அன்னிக்கே எனக்கும் தைச்சுடணும், பங்களா அம்மா தைக்கிறதுக்கு முன்னாடி."

பால்கனியின் சாக்பீஸ் கோட்டை அக்கா ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அதற்காக ஸ்டோர்கீப்பருக்கு உட்கார இடமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடிக்கடி வந்து காத்துக்கிடக்கிறாரே என்று டெய்லர் கடையில் அவருக்கென்றே ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். சாய மட்டும் முடியாது.